தண்ணீர் காணாத ஆலை

2003 மார்ச் 2, ஞாயிறு

முழங்கால் இரண்டும் வேறு யாருடையவோ போல் இருக்கின்றன. முதுகு நிமிரமாட்டேன் என்கிறது. இருந்தும் குசினிக்குள் நின்று தேநீர் ஊற்றும்போது பாடிக்கொண்டிருந்தேன். நான்! மேல்மாடிக்காரி தரையில் காலால் இடிக்கும்வரை பாடியிருக்கிறேன். வென்ற்வேர்த்வில் யூனிற்றுக்கு வந்து ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் இடி.

என்னோடு ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் ஒருத்தி, தொல்லியல் அகழ்வு ஒன்றுக்கு வார இறுதித் தொண்டராகப் பெயர் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை படியில் கால் சுளுக்கிவிட்டது. "நீ போறியா?" என்று கேட்டாள். போகாவிட்டால் அக்கா வீட்டுக்குப் போகவேண்டும். ஆகவே "சரி" என்றேன். இவ்வளவுதான் என் வரலாற்று ஆர்வம்.

வின்ட்சருக்கு அப்பால் டெண்டன் என்று ஒரு சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பெற்றோல் நிலையம், ஒரு மதுக்கடை, பிறகு புல். ஓடைக்கரையில் 1830களில் ஒரு மாவரைக்கும் ஆலை இருந்ததாம், அந்தக் காலத்தில் நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள் வெட்டிய கல்லில் கட்டியது. இப்போது நிலத்துக்கு மேலே ஒன்றுமில்லை, அத்திவாரம் மட்டும் கீழே கிடக்கிறது. அந்தப் புல்வெளியில் ஒரு கம்பனி வீடுகள் கட்டப்போகிறது. அவர்கள் போடும் தெரு சரியாக ஆலைக்கு மேலால் போகிறது. ஜூன் கடைசிவரை தோண்டிப் பார்க்கத் தவணை. பொறுப்பாக இருப்பவள் ஹெதர் என்கிற தொல்லியலாளர். என் வயதுதான் இருக்கும். வெயிலில் வெந்த மூக்கு, ஆண்பிள்ளைச் சிரிப்பு.

ஒரு சாந்துக்கரண்டியும் ஒரு சதுர நிலமும் தந்தாள். நாள் முழுதும் சுரண்டினேன். கிடைத்தது ஒரு ஆணி. நாலு பட்டையாகக் கையால் அடித்த ஆணி. அதை அடித்தவனுக்குப் பிறகு அதைத் தொட்ட முதல் ஆள் நான்தான்.

ஒரு ஆணிக்கு இந்தத் துள்ளலா? ஓம், துள்ளல்தான்.

மார்ச் 5, புதன்

மேற்பார்வையாளர் என் நகங்களைப் பார்த்தார். மத்தியானம் கைகழுவும் தொட்டியருகே புதிதாக ஒரு நகப் பிரஷ் வைத்திருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சதி! சொந்த அக்கா!

கிரவீனில் இருக்கிற தன் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருந்தாள். நான் காலையில் டெண்டனுக்குப் போய்விட்டு, மண் காற்சட்டையோடு, தலையில் புல்லோடு, நேரம் பிந்திப் போய் இறங்கினேன். கதவைத் திறந்த அக்காவின் முகம் போன போக்கு!

"என்னடி இது கோலம்? ஆள் வந்து எவ்வளவு நேரம்!"

"ஆர் ஆள்?"

அத்தான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பேப்பர் குலுங்கியது. இந்திரகுமார் அத்தானுக்குச் சிரிப்பை அடக்க ஒருநாளும் தெரியாது.

குசினிக்குள் இழுத்துப்போய் அக்கா ஒரே மூச்சில் சொன்னாள்: பெயர் சிறிதரன். நாற்பத்தெட்டு. மனைவி தவறி ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. தண்ணீர்த் திணைக்களத்தில் எஞ்சினியர். பிளாக்டவுனில் சொந்த வீடு. "நல்ல மனிசன். வாயை மூடிக்கொண்டு இரு."

வாயை மூடவா? இப்படிப்பட்டவர்களைக் கலைத்து அனுப்ப எனக்குத் தெரியும். சோறு போட்டதிலிருந்து பாயசம்வரை ஆலையைப் பற்றியே பேசினேன். அத்திவாரம், ஆணி, கைதிகள், சக்கரம் சுழன்ற குழி என்று ஹெதர் நம்புகிற பள்ளம்... அந்த மனிதர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே கேள்வி.

"ஓடையில எவ்வளவு தண்ணி ஓடுது?"

எனக்குத் தெரியாது.

"அது தெரியாமல் எப்பிடித் தண்ணி ஆலை எண்டு சொல்லுறீங்கள்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறியக் கேட்டார். அதுதான் கூட எரிந்தது.

மார்ச் 10, திங்கள்

அக்கா போன் எடுத்தாள். வேண்டாம் என்றேன். இது எத்தனையாவது "வேண்டாம்" என்று அவளிடம்தான் கணக்கு இருக்கும்.

"உனக்கு என்னதான் வேணும் ரஞ்சி?"

"எனக்கு இப்ப ஒரு குழி இருக்கு அக்கா. அது காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

"விசரி," என்று வைத்துவிட்டாள்.

எல்லோரும் நினைக்கிறார்கள், இவளுக்கு எங்கேயோ ஒரு பழைய காயம் இருக்கவேண்டும் என்று. காயமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. வேலை முடிந்து வந்து, கதவுத் திறப்பை மேசையில் போட்டு, "எங்கை போனனி?" என்று ஒருவரும் கேட்காத அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பிடிக்கும். இதை எந்தக் கல்யாணப் பேச்சுக்காலில் சொல்ல முடியும்?

மார்ச் 29, சனி

பள்ளம் இப்போது என் இடுப்புக்கு மேல். நீளம், ஒடுக்கம், இரு பக்கமும் உளியால் பொளிந்த கல். ஹெதருக்குச் சந்தேகமே இல்லை, சக்கரக்குழிதான். ஆனால் இன்று கம்பனியின் தொல்லியலாளர் வந்தார். வயதானவர், மரியாதையானவர். பொல்லாதவராக இருந்தால் வெறுக்கச் சுகமாக இருந்திருக்கும். குழியைச் சுற்றி நடந்தார். மரம் அரிகிற குழியாக இருக்கலாம் என்றார். நிலவறையாகவும் இருக்கலாமாம். ஆலையைக் குதிரை சுற்றி இழுத்திருக்கும், அந்தக் காலத்தில் அதுதானே வழக்கம் என்றார்.

குதிரை ஆலை என்றால் படம் எடுத்து, அளந்து எழுதிவிட்டுத் தெருப் போடலாம். தண்ணீர் ஆலை என்றால் கதை வேறு. இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை, மரபுரிமை அலுவலகம் தெருவையே திருப்பச் சொல்லலாம்.

குதிரையாம்! வழி முழுக்கக் காருக்குள் "குதிரை, குதிரை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முறையாக எழுதவேண்டும்.

பின்னேரம். மற்றவர்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் குழியின் கிழக்குச் சுவரை ஈரப் பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தேன். வெயில் சரிந்து சுவரோடு உரசிக்கொண்டு விழுந்தது. அப்போது கல்லில் ஒரு கீறல் தெரிந்தது. வேர் ஓடிய தடமாக்கும் என்று துடைத்தேன். போகவில்லை. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் வளைந்தவை. ஒரே வளைவு, ஒன்றுக்குள் ஒன்று. கல்லை விட்டு அடுத்த கல்லுக்குப் போயும் வளைவு பிசகவில்லை.

"ஹெதர்," என்றேன். பிரஷைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "ஹெதர்!"

வந்தாள். குப்புறப் படுத்தாள். மூக்குச் சுவரில் முட்டப் பார்த்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்த சொற்களை இங்கே எழுதமாட்டேன், நான் கோயிலுக்குப் போகிறவள்.

சக்கரம் உரசியிருக்கிறது! அச்சுத் தேய்ந்து, ஒரு பக்கம் ஆடி, சுற்றும்போதெல்லாம் சுவரைக் கீறியிருக்கிறது. ஆலைக்காரன் எத்தனை தரம் ஏசியிருப்பான் அந்தச் சத்தத்துக்கு! நூலைப் பிடித்து வளைவை அளந்தோம். என்னைப்போல மூன்று பேர் ஒருவர் தோளில் ஒருவர் நின்றால் எவ்வளவோ, அவ்வளவு உயரச் சக்கரம். நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். குழியோ ஒடுக்கம். ஒருத்தி ஏறினால் மற்றவள் இறங்கவேண்டும். மேலே நின்றவர்கள் எங்களுக்கு ஏதோ கடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

வரும்போது திரும்பவேண்டிய இடத்தை விட்டுவிட்டு பரமற்றா வரை போய்விட்டேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்கு போன் பண்ணினேன். வேறு யாரிடம் சொல்ல?

"சுவரில கீறலோ?" என்றாள். "எங்கட வீட்டிலயும் இருக்கு. அத்தான் சாப்பாட்டு மேசைக் கதிரையை இழுத்தது."

ஏப்ரல் 9, புதன்

கம்பனியின் ஆள் கீறலைப் பார்த்தாராம். சக்கரம் ஒன்று இருந்தது, ஒத்துக்கொள்கிறேன் என்றாராம். ஆனால் அதைத் தண்ணீர்தான் சுற்றியதா? இந்த ஓடையில் ஒரு ஆட்டுக்குட்டிகூட நனையாதே. இந்த ஓடையால் இந்தச் சக்கரத்தைச் சுற்ற முடியும் என்று காட்டுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றாராம்.

ஹெதர் தொண்டர்கள் எல்லோருக்கும் போன் பண்ணுகிறாள். "தண்ணீர் எஞ்சினியர் யாரையாவது தெரியுமா? சும்மா வந்து பார்க்கக்கூடிய ஆள்?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

ஐயோ.

ஏப்ரல் 10, வியாழன்

சிறிதரனின் போன் இலக்கத்தை அத்தானிடம்தான் வாங்கினேன். "அக்காவுக்குச் சொல்லமாட்டன்," என்றார், நான் கேட்பதற்கு முதலே.

போனை மூன்று தரம் எடுத்து மூன்று தரம் வைத்தேன். நாலாவது தரம்:

"ஹலோ, நான் இரஞ்சிதம். விமலாதேவியின்ர தங்கச்சி."

"ஓம். வேண்டாம் எண்டு சொன்ன இரஞ்சிதம்."

நிலம் பிளக்காதா என்றிருந்தது. ஆனால் குரலில் வன்மம் இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

"அண்டைக்கு ஓடையில எவ்வளவு தண்ணி எண்டு கேட்டீங்களெல்லோ... எனக்கு இன்னும் தெரியாது."

மறுபக்கத்தில் சிரிப்பு. பெரிய சிரிப்பு, அந்த ஒல்லி உடம்புக்குள் இருந்து வருமென்று நினைக்காத சிரிப்பு.

"சனிக்கிழமை வாறன்," என்றார்.

ஏப்ரல் 12, சனி

ஒரு பை நிறைய ஆரஞ்சுத் தோடம்பழத்தோடு வந்து இறங்கினார். எல்லோருக்கும் சாப்பிடக் கொண்டுவந்திருக்கிறார், பரவாயில்லை, பழகத் தெரிந்த மனிதர் என்று நினைத்தேன். மனிதர் ஓடைக்கரைக்குப் போய் ஒரு பழத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"அதுக்குப் பின்னால ஓடுங்கோ!"

"என்ன?"

"ஓடுங்கோ, ஓடுங்கோ! அந்தக் கம்பு நட்ட இடத்தில வந்தவுடன கையைத் தூக்குங்கோ!"

ஓடினேன். தோடம்பழம் பாதி அமிழ்ந்து மிதக்குமாம், ஆகவே காற்றுத் தள்ளாது, தண்ணீரின் வேகத்தில் மட்டும் போகுமாம். இதெல்லாம் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பழத்தின் பின்னால் முள்ளுக்குள்ளாலும் சேற்றுக்குள்ளாலும் கத்திக்கொண்டு ஓடுகிறேன் என்பதுதான். பழம் ஒரு கல்லில் தங்கி நின்றது. ஹெதரும் மற்றவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து குதிரைப் பந்தயம்போல் கைதட்டினார்கள். ஒரு பழம் என் கைக்கும் தப்பி, கம்புக்கும் தப்பி, ஹோக்ஸ்பரி ஆற்றை நோக்கிப் போய்விட்டது. அது கடலையும் கண்டிருக்கும்.

மிஞ்சிய பழங்களை உரித்துக் கரையில் இருந்து சாப்பிட்டோம். அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அண்டைக்கு நான் சும்மா சாப்பிட வந்தனான் எண்டு சொன்னா அது பொய். உங்களைப் பாக்கத்தான் வந்தனான். இண்டைக்குத் தண்ணியைப் பாக்க வந்தனான். ரண்டையும் கலக்கமாட்டன், பயப்பிடாதேங்கோ."

நான் பயப்படவில்லை. அதை அவருக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. அக்கா வீட்டில் பொங்கிய சர்க்கரைப் புக்கை. நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். "காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 26, சனி

காணாதாம்.

ஓடையில் தண்ணீர் காணாதாம்! இரண்டு கிழமையாக இருந்து கணக்குப் பார்த்திருக்கிறார். இது வரட்சி வருடம் என்றும் யோசித்திருக்கிறார். பழைய மழைக் கணக்கெல்லாம் தேடி எடுத்து, நல்ல மழை வருடத்தில் எவ்வளவு ஓடியிருக்கும் என்றும் பார்த்திருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் இந்த ஓடைக்கு அந்தச் சக்கரத்தைத் தள்ளப் பலம் இல்லையாம். ஹெதர் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு "நன்றி" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்.

"கொஞ்சம் கூட்டி எழுதேலாதோ?"

"எழுதலாம். அவையின்ர ஆள் ஒருக்கா இருந்து கணக்குப் பார்த்தா, பிறகு உங்கட கீறலையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"அப்ப சக்கரம் காத்திலயோ சுத்தினது?"

"அது எனக்குத் தெரியாது, இரஞ்சிதம். தண்ணி காணாது எண்டது மட்டும்தான் தெரியும்."

"அப்ப போங்கோ!" என்றேன். எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். போய்விட்டார்.

என்னத்துக்கு இந்த மனிசனைக் கூப்பிட்டனான்? ஆர் கூப்பிடச் சொன்னது? ஒரு குழி, என்ர வாழ்க்கையில ஒரே ஒரு குழி, சந்தோசமா இருந்தனான், அதுக்குள்ள கொண்டுவந்து... அவர் பிழை செய்யேல்லை. தெரியும். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.

ஏப்ரல் 27, ஞாயிறு

குழிக்குப் போனேன். கீறல் அங்கேயேதான் இருக்கிறது. சக்கரம் சுற்றியிருக்கிறது. தண்ணீர் போதவில்லை. இரண்டும் எப்படி உண்மையாகும்?

மே 14, புதன்

மழை. நேற்றும் மழை. குழியைத் தார்ப்பாயால் மூடிவிட்டார்களாம். ஹெதர் முடிவு அறிக்கையை எழுதத் தொடங்கிவிட்டாள். அக்கா இரால் கறி அனுப்பினாள். ருசிக்கவில்லை.

மே 16, வெள்ளி

மத்தியானம் ஆய்வுகூடத்துக்கு போன் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"கோவமோ?"

"ஓம்."

"சரி. கோவத்தோடயே வாங்கோ. ஆனா நாளைக்கு வாங்கோ. எனக்கும் விளங்கேல்லை, அது என்னை அரிச்சுக்கொண்டே இருக்கு. உங்கட கீறல் பொய் இல்லை. என்ர கணக்கும் பொய் இல்லை. மழை ஈரம் காயமுதல் அந்த இடத்தை ஒருக்கா நடந்து பாக்கவேணும்."

மே 17, சனி

குளம்! குளம்! குளம்!

இரு. முதலில் இருந்து.

மழை விட்டிருந்தது. ஹெதர் வரவில்லை, வேறு யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஓடை வழியே மேலே நடந்தோம். பேசவில்லை. ஆலைக்கு மேற்கே புல்வெளியில் நீளமாக ஒரு மேடு கிடக்கிறது, முழங்கால் உயரம், புல் மூடியது. பழைய வண்டிப்பாதை என்று ஹெதரின் வரைபடத்திலேயே எழுதியிருக்கிறது. நாங்களும் சேறு படாமல் நடக்க அதன்மேல்தான் ஏறினோம். நான் கோபத்தில் வேகமாக நடந்தேன். கோபத்தில் வேகமாக நடக்கக் கூடாது. வழுக்கியது. அப்படியே சறுக்கிக்கொண்டு போய் இடுப்பளவு தண்ணீருக்குள் குந்தியிருந்தேன்.

"கையைத் தாங்கோ," என்று குனிந்தார். அவரும் வந்து சேர்ந்தார். தொப்பி, மூக்குக்கண்ணாடி எல்லாம் சேர்ந்து வந்தது.

ஒரு நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு எனக்குச் சிரிப்புத் தொடங்கியது. அடக்க முடியாத சிரிப்பு. அவருக்கும். இரண்டு எருமைகள்போல் தண்ணீருக்குள் இருந்து, குளிரில் பல்லுக் கிடுகிடுக்க, கண்ணீர் வரச் சிரித்தோம். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நிறுத்தினோம். தண்ணீருக்குள் இருந்தால் கண் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட வருமே, அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் அந்த மேடு நெடுகிலும் ஒரே கோடாக முட்டிக்கொண்டு நிற்கிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர். அந்தப் பக்கம் வெறும் புல்.

"இது பாதை இல்லை," என்றேன்.

"கட்டு," என்றார்.

குளக்கட்டு! ஆலைக்காரன் ஓடையை மறித்துக் குளம் கட்டியிருக்கிறான்! தண்ணீரைத் தேக்கி வைத்து, குளம் நிரம்பியவுடன் மதகைத் திறந்து, சேர்ந்த தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாகச் சக்கரத்துக்கு விட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் அரைப்பான். பிறகு மூடிவிட்டு, திரும்ப நிரம்புமட்டும் காத்திருப்பான். ஓடையில் தண்ணீர் காணாது. சக்கரமும் சுற்றியது. அவரும் சரி, நானும் சரி!

அவர் நனைந்த சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். தாள் கூழாகிவிட்டது. என் கையை நீட்டினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை குளத்தின் கணக்கை எழுதினார்.

இப்போதும் இருக்கிறது. குளித்தேன், அந்தக் கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு குளித்தேன்.

மே 25, ஞாயிறு

ஹெதர் மேட்டைக் குறுக்கே வெட்டினாள். உள்ளே திமிசு போட்டு இறுக்கிய களிமண். குளத்துப் பக்கம் கல் அடுக்கு. எந்த வண்டிப்பாதைக்கும் களிமண் நெஞ்சு வைத்துக் கட்டமாட்டார்கள். தன் வரைபடத்தில் "வண்டிப்பாதை" என்றிருந்ததைத் தானே வெட்டினாள், மை கசியும்வரை வெட்டினாள்.

ஜூன் 12, வியாழன்

பரமற்றாவில் கூட்டம். மரபுரிமை அலுவலகத்து ஆட்கள், கம்பனி ஆட்கள், நாங்கள். என்னைக் கீறலைப் பற்றிச் சொல்லச் சொன்னாள் ஹெதர். வாய் திறந்தேன், நிறுத்த முடியவில்லை. அந்த ஆலைக்காரனுக்கு அச்சைப் பழுதுபார்க்க நேரமில்லாமல் இருந்திருக்கும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள்.

அடுத்தது சிறிதரன். எழுந்தவுடன் முதல் வார்த்தையே "இந்த ஓடையில் தண்ணீர் போதாது" என்றார். ஏன் இவர் அதை முதலில் சொல்கிறார்? ஆனால் அந்த உண்மையை முன்னால் வைத்ததால்தான் குளம் ஏன் இருந்தது என்று எல்லோருக்கும் விளங்கியது. கம்பனியின் அந்த வயதான தொல்லியலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குதிரையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்," என்றார். போகும்போது ஹெதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்து படியில் நின்றோம். எனக்கு யாரையாவது கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது. ஹெதரைக் கட்டிப்பிடித்தேன். பக்கத்தில் நின்றவரைப் பார்த்து "நல்லாச் சொன்னீங்கள்," என்று மட்டும் சொன்னேன். கை என் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

தெருவைத் திருப்புகிறார்கள். ஆலையும் சக்கரக்குழியும் கட்டின் பெரும்பகுதியும் புல்வெளியாக நிற்கும், ஒருவரும் கட்ட முடியாது. குளத்தின் மேல்பாதி போகிறது. அங்கே வீடுகள் வரும். முழுதும் கிடைக்கவில்லை.

இன்று குழியை மூடினோம். துணி விரித்து மேலே மணல் கொட்டினார்கள். ஹெதர் இந்த வருடத்து நாணயம் ஒன்றைத் துணிக்கு மேல் போட்டாள். பிற்காலத்தில் தோண்டுகிறவர்களுக்கு நாங்கள் வந்துபோன காலம் தெரியவேண்டுமாம். முதல் வாளி மணல் கீறலை மறைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லுக்கு யார் அழுவார்கள்?

"வெயில்ல விட்டா மேல்கல் உதிர்ந்து கீறல் போயிடும்," என்றார் பக்கத்தில் நின்றவர். "மூடினாத்தான் நிக்கும்." பிறகு தானும் ஒரு வாளியைத் தூக்கினார். பின்னேரம்வரை மணல் சுமந்தோம். அழுதுகொண்டு சுமப்பது நல்ல வேலை. இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஜூலை 19, சனி

தோண்ட ஒன்றும் இல்லாத சனிக்கிழமை. காலையிலேயே மூன்று தரம் யன்னலால் பார்த்தேன். பத்து மணிக்கு போன். "லித்கோ பக்கம் ஒரு பழைய அணை இருக்கு. பாக்க ஒண்டுமில்லை. வாறீங்களோ?"

பாக்க ஒண்டுமில்லை என்று சொல்லித்தான் கூப்பிடுகிறார்! போனேன். உண்மையாகவே ஒன்றும் இல்லை. மூடுபனி. நாள் முழுக்க இருந்தோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எனக்கு ஒரு சோடி றப்பர் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். அளவு அப்படியே சரி.

"எப்பிடித் தெரியும்?"

"சேத்தில உங்கட காலடியை அளந்தனான்."

எப்போது அளந்தார்? நான் எங்கே பார்த்துக்கொண்டு நின்றேன்? சப்பாத்தை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தேன். மேல்மாடிக்காரி இடிக்கவில்லை. இடித்தாலும் கழற்றியிருக்கமாட்டேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பென்டில் ஹில் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாம்பார் ஆறுமுன், யோசிக்குமுன்.

"எனக்கு என்ர யூனிற் வேணும். மண்டபமும் மேளமும் வேண்டாம். வேலை முடிஞ்சு வந்தா ஐஞ்சு நிமிசம் ஒருத்தரும் என்னோட கதைக்கக்கூடாது."

அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார்.

"எனக்கும் என்ர வீடு வேணும். சந்திரகலா நட்ட மரங்கள் அங்கைதான் நிக்குது, விட்டிட்டு வரமாட்டன். உங்களுக்கும் எனக்கும் இடையில நாலு ஸ்ரேசன்தான். றெயின் ஓடுதெல்லோ." பிறகு: "ஐஞ்சு நிமிசம் காணுமோ? பத்து எடுங்கோ."

அவர் மனைவியின் பெயரை என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சாம்பார் வாளியை அவர் பக்கம் தள்ளினேன்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். கார் கடைவாசலிலேயே நிற்கிறது. நாளைக்குப் போய் எடுக்கவேண்டும்.

அக்டோபர் 4, சனி

அக்காவுக்கு எப்படிச் சொல்வது? "வேண்டாம்" என்றவளே "வேணும்" என்றால், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாளே. அடுத்த கிழமை சொல்லலாம்.

அக்டோபர் 25, சனி

அடுத்த கிழமை.

நவம்பர் 16, ஞாயிறு

காலை. வெயில் ஏறுமுன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவேண்டும், தண்ணீர்க் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. மாமரத்துக்கு வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் தேங்காய்ச் சம்பலுக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை கழுவாமலே எடுத்தேன்.

"ஹலோ?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையைத் துடைத்தேன்.

"ஹலோ, ஆர்?"

"...நான் விமலாதேவி கதைக்கிறன்," என்றாள் அக்கா. மெல்ல, அந்நியருக்குச் சொல்வதுபோல் முழுப் பெயரோடு. "மழைத்தண்ணித் தாங்கி பூட்டுறதைப் பற்றிச் சிறிதரனிட்டைக் கேக்க எடுத்தனான்."

அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன், யாருடைய போனை எடுத்திருக்கிறேன், நேரம் காலை எட்டரை என்பதெல்லாம் உறைத்தது. அக்கா மூச்சு விடுவது கேட்டது. அதற்குப் பின்னால் அத்தானின் பேப்பர் குலுங்குவதும் கேட்டது என்று சத்தியம் பண்ணுவேன்.

"அவர் தோட்டத்தில நிக்கிறார்," என்றேன். "கூப்பிடட்டோ?"

"வேண்டாம், வேண்டாம். மரத்துக்குத் தண்ணி விடட்டும்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு எங்கள் வீட்டுக் குரல் திரும்பி வந்தது, என்னைச் சின்ன வயதிலிருந்து அதட்டுகிற அதே குரல்: "அத்தான் பெரிய மீன் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டார், எங்கள் ரண்டு பேரால முடிக்கேலாது. மத்தியானம் வாங்கோ. ரண்டு பேரும்."